அதிகம் ஓடிய கார் இன்ஜின்: வீட்டில் பிரிப்பதா, பட்டறையில் விடுவதா, வேறு இன்ஜின் மாட்டுவதா?

ஏற்காடு மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் திரும்பி, இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தபோதுதான் பின்கண்ணாடியில் அந்த நீலப் புகையைப் பார்த்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தார். என் மாருதி 800 அப்போது 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2004-ல் அப்பா வாங்கிய வண்டி. தங்கை திருமணத்துக்கு வாழை இலைக்கட்டு ஏற்றி வந்ததும், அம்மாவை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அதில்தான். சட்டென்று கைவிட மனம் வரவில்லை.

அடுத்த ஒரு வாரத்தில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றார் ஒருவர். பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிடு என்றார் இன்னொருவர். எடைக்குப் போட்டுவிட்டு வேறு கார் பார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யாரும் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கிலோமீட்டர் எண்ணைக் கேட்டார்கள், முடிவைச் சொன்னார்கள். அந்த எண்ணை வைத்து இன்ஜினின் நிலையைச் சொல்லவே முடியாது. காற்று வடிகட்டியை ஒழுங்காக மாற்றி, எண்ணெயை நேரத்துக்கு மாற்றி ஓட்டிய இன்ஜின் இரண்டு லட்சத்தைத் தாண்டியும் நன்றாக இருக்கும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் லாரிகளுக்குப் பின்னால் தினமும் புழுதியில் ஓடிய வண்டி, வடிகட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் இருந்தால், ஒரு லட்சத்துக்குள்ளேயே சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

ஆகவே, எந்த வழி என்று ஒப்பிடுவதற்கு முன்னால் எது தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குச் சேலத்துக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது: ஏற்காடு மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து ஏறும்போது, இன்ஜின் பாரம் இழுக்கும் நேரமெல்லாம் நீலப் புகை விடாமல் வந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங்குகள் மீதும் சிலிண்டர் சுவர் மீதும் விழும். இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வந்து, கீழே சமதளத்தில் மிதித்தவுடன் குப்பென்று ஒரு புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்கள்தான் காரணம். ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் உறிஞ்சும் பக்கத்தில் வெற்றிடம் கூடுகிறது. காய்ந்துபோன சீல் வழியாக எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்தாலும் அதே சீல்தான். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது; அதற்காக இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. நல்ல இன்ஜினே ஏழில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். மேலே இழுவை குறைந்ததை மட்டும் வைத்து இன்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கண்ணாடியில் பார்த்த புகையை, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் அளவி எண்ணாக மாற்றித் தரும். இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, இக்னிஷன் இணைப்பையும் கழற்றிவிட்டு மூன்று பிளக்குகளையும் எடுத்து வைத்தேன். பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தபோதே பாதி விடை தெரிந்துவிட்டது. முதல் இரண்டு பிளக்குகளின் முனை மரப்பட்டை நிறத்தில் உலர்ந்திருந்தது. மூன்றாவது கறுத்து, ஈரமாக, தாளில் எண்ணெய் வட்டம் விட்டது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றியதில் முதல் சிலிண்டர் 160 பி.எஸ்.ஐ., இரண்டாவது 155, மூன்றாவது 105. பிறகு மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன். 150-க்கு ஏறியது. எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வு பக்கம் கசிவு. இவ்வளவுக்கும் ஆன நேரம் ஒரு மணி. இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடாமல் எந்தப் பட்டறையிலும் சாவியைக் கொடுக்காதீர்கள் என்பதை மனதார வலியுறுத்துகிறேன்.

இனி ஒவ்வொரு வழியாக.

ஒன்றும் செய்யாமல் ஓட்டுவதும் ஒரு வழிதான், அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குக் குறைவாக எண்ணெய் குறைகிறது, மூன்று சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்டுகின்றன என்றால் 20டபிள்யூ-50 போன்ற கொஞ்சம் கனமான எண்ணெயைப் போட்டு, வாரம் ஒரு முறை எண்ணெய்க் கம்பியைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். இந்த இன்ஜினில் மொத்த எண்ணெயே மூன்று லிட்டர் அளவுதான். அதில் ஒரு லிட்டர் குறைந்த நிலையில் மலை ஏறினால் வளைவில் சரியும் எண்ணெய் பம்பின் வாய்க்கு எட்டாமல் போகலாம், பேரிங் கருகும். புகையோடு ஓட்டலாம், எண்ணெயில்லாமல் ஓட்ட முடியாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கிடைக்காத நிலை வந்துவிட்டால் இந்த வழியும் மூடிவிடுகிறது.

வால்வு சீல் மட்டும் போயிருந்தால் ஹெட் வேலையோடு முடிகிறது. ஹெட்டைக் கழற்றி, சீல்களை மாற்றி, வால்வுகளை அரைத்து உட்கார வைத்து, லேத்தில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் பார்த்துப் பூட்டுவது இரண்டு நாள் வேலை. பதற்றமில்லாமல் செய்யக்கூடியவர் வீட்டிலேயே செய்யலாம்.

ரிங் மட்டும் மாற்றுவது பற்றி எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இருந்த ஆம்னி வேனுக்கு ஒரு பட்டறையில் இதைத்தான் செய்தார்கள். சிலிண்டரை அளக்கவே இல்லை. பழைய பிஸ்டனிலேயே புது ரிங் போட்டு, இரண்டே நாளில் வண்டியைக் கொடுத்தார்கள். நாலாயிரம் கிலோமீட்டருக்குள் புகை திரும்ப வந்தது. கொடுத்த பணம் அத்தனையும் வீண். காரணம் எளிது. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதிகமாகவும், அடியில் குறைவாகவும் தேயும். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் தள்ளும் பக்கத்தில் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் முட்டை வடிவமாகிவிடும். வட்டமான புது ரிங் முட்டை வடிவத் துளையில் எப்படி அடைக்கும்? சிலிண்டர் அளவு வரம்புக்குள் இருந்து, ரிங் மட்டும் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ரிங் மாற்றுவது பலிக்கும். அளக்காமல் செய்தால் அது சூதாட்டம்.

பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவதுதான் மிக விரைவான வழி. சென்னை புதுப்பேட்டை வரை போனால் கிடைக்கும். எனக்குச் சொன்ன விலை 18,000 ரூபாய், மாட்டுக்கூலி தனி. மாருதி 800-இன் உற்பத்தி 2014-ல் நின்றாலும் அதே 796 சி.சி. இன்ஜின் ஆம்னியில் 2019 வரை வந்தது. ஆகவே தட்டுப்பாடு இல்லை. ஆனாலும் இந்த வழியைக் கடைசியில்தான் வைப்பேன். வெளியில் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் அந்த இன்ஜின் எத்தனை ஓடியது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் இன்ஜினின் நோயாவது உங்களுக்குத் தெரியும். அதோடு இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. எண் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். அதற்கு அந்த இன்ஜினை வாங்கிய ரசீது வேண்டும். ரசீது தர மறுக்கிறவரிடம் வாங்கினால், திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் வீட்டு வாசலில் நிற்கக்கூடும். எஃப்.சி. புதுப்பிக்கும்போது எண் பொருந்தவில்லை என்றால் வண்டியே முடங்கிவிடும். சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கில் விரிசல் விட்டோ, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடு உடைந்து பக்கவாட்டில் துளைத்தோ போயிருந்தால் மட்டும் இதைத் தவிர வேறு வழியில்லை.

மீதி இருப்பது முழு இன்ஜின் வேலை. அதைப் பட்டறையில் கொடுப்பதா, வீட்டில் செய்வதா என்பதுதான் உண்மையான கேள்வி. 'வீட்டில் செய்வது' என்ற சொல்லே கொஞ்சம் தவறாக வழிநடத்துகிறது. சிலிண்டர் துளையைப் பெரிதாக வெட்டுவதும் (போர் அடிப்பது), கிராங்கைச் சாணை பிடிப்பதும், வால்வு இருக்கையை வெட்டுவதும் யார் வீட்டிலும் நடக்காது. பட்டறைக்காரரும் அவற்றைச் செய்வதில்லை. அவரும் லேத்துக்குத்தான் அனுப்புகிறார். நாம் எடுத்துக்கொள்ளும் பங்கு கழற்றுவது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது ஆகிய நான்கும்தான். இந்த நான்கில் கழுவுவதும் அளப்பதும்தான் ஒரு இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வண்டிகள் வரிசையில் காத்திருக்கும் பட்டறையில் நேரம் கிடைக்காததும் இந்த இரண்டுக்கும்தான்.

லேத் விஷயத்தில் சேலம் கொடுத்துவைத்த ஊர். சங்ககிரி, நாமக்கல், சேலம் என்று லாரித் தொழில் வேரூன்றிய வட்டாரம் என்பதால் போர் அடிக்கவும் கிராங்க் பிடிக்கவும் கைதேர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பிளாக்கைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்த பெரியவர் முதலில் கேட்டது, "பிஸ்டன் எங்கே, தம்பி?"

"இன்னும் வாங்கவில்லை அண்ணா. நீங்கள் போர் அடித்து அளவு சொன்னால் வாங்கி வருகிறேன்" என்றேன்.

"அப்படிச் செய்யக் கூடாது. நான் அளந்து எந்த அளவு என்று சொல்கிறேன். பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து அதற்குத்தான் துளையை வெட்டுவேன். பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பி வெட்டினால் பின்னால் வருத்தப்படுவீர்கள்."

இதைவிடப் பயனுள்ள அறிவுரை இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி 0.04 மில்லிமீட்டர் அளவு, தலைமுடியைவிட மெல்லியது. லேத்காரர்கள் இன்னும் அங்குலக் கணக்கில் 'தவ்' என்றுதான் பேசுகிறார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.025 மில்லிமீட்டர். அவர் போர் அளவியை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, அடி என மூன்று ஆழங்களில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் விட்டு ஆறு அளவுகள் எடுத்தார். சுண்ணாம்புக்கட்டியால் பிளாக்கின் மேலேயே எழுதினார். மூன்றாவது சிலிண்டரின் மேற்பகுதி ஐந்தரை தவ் தேய்ந்திருந்தது. பத்து தவ் பெரிய பிஸ்டன் போதும்தான். ஆனால் சுவரில் ஒரு செங்குத்துக் கீறல் நகத்துக்குத் தட்டுப்பட்டது. "பத்தில் இது போகாது, இருபதுக்குப் போங்கள்" என்றார். மூன்றையும் ஒரே அளவுக்கு வெட்ட வேண்டும் என்பதால் 68.5 மில்லிமீட்டர் துளைகள் மூன்றும் 69 ஆயின. 796 சி.சி. இன்ஜின் கணக்குப்படி 808 சி.சி. ஆனது. இதற்கு மேல் இந்தப் பிளாக்குக்கு இன்னொரு அளவுப் பிஸ்டன் வழக்கமாகக் கிடைப்பதில்லை. ஏற்கெனவே இருபது தவ் போர் அடித்த இன்ஜினா என்று பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 என்று இருந்தால் முழு வேலைக்கு இறங்கும் முன் லேத்காரரிடம் துளைக்குள் புது உருளையாக ஸ்லீவ் போட முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போர் அடித்த பிறகு ஹோனிங் கல்லை விட்டுச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுவார்கள். எண்ணெய் தங்குவதற்கும் ரிங் படிவதற்கும் அந்தக் கீறல்கள் அவசியம். ஆனால் கல்லின் பொடியும் அதே கீறல்களில்தான் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ அலசினால் எண்ணெய்தான் போகும், பொடி போகாது. கைபொறுக்கும் சூட்டில் தண்ணீரும் துணி துவைக்கும் பொடியும் கலந்து, நார்த் தூரிகையால் ஒவ்வொரு சிலிண்டரையும் தேய்த்தேன். துடைக்க அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வைத்திருந்தேன். முதல் துண்டு சாம்பல் நிறமாக வந்தது. பட்டறையிலிருந்து 'கழுவி' வந்த பிளாக் அது. இரண்டாவது, மூன்றாவது துண்டுகளும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் மறுபடி தேய்த்து, வெந்நீர் ஊற்றி, துடைத்தேன். ஏழாவது துண்டு வெள்ளையாகவே வந்தது. அடுத்த நொடியே இன்ஜின் எண்ணெயைத் தடவிவிட வேண்டும். வார்ப்பிரும்பு பத்து நிமிடத்தில் துருவின் சாயலைக் காட்டிவிடும். அந்த ஆறு சாம்பல் துண்டுகளில் இருந்த பொடி உள்ளேயே இருந்திருந்தால், புது ரிங்கை அதுவே எமரித் தாள் போல அரைத்திருக்கும். கூலிக்குச் செய்கிறவர் ஏழு முறை துடைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வீட்டில் செய்வதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். பணம் இரண்டாவது.

தண்ணீர் ஓடும் வழிகளையும் அப்போதே பார்த்தேன். பிளாக்கின் பின்பகுதியில், மூன்றாவது சிலிண்டரைச் சுற்றி, செம்மண் குழம்பு போலத் துரு அடைத்திருந்தது; அதன்மேல் வெள்ளைப் பொருக்கு. அவசரத்துக்கு என்று வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு அது. மற்ற இரண்டைவிட மூன்றாவது சிலிண்டர் ஏன் தேய்ந்தது என்பதற்கு அங்கேயே விடை இருந்தது என்று நம்புகிறேன். சூடு தணியாத இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்திருக்கும். இந்த வட்டாரத்து நிலத்தடி நீரை ரேடியேட்டருக்குக் காட்டாதீர்கள். கூலண்டும் வாலைவடி நீரும் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும்தான்.

அளப்பதில் மூன்று இடங்களை விடக் கூடாது. ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் பார்க்க வேண்டும். கையேடு இல்லாதபோது விட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு என்ற கணக்கு உதவும். 69 மில்லிமீட்டருக்கு 0.28 வரும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் சுவரைக் கிழிக்கும். பூட்டும்போது எழுத்து பொறித்த பக்கம் மேலே, மூன்று ரிங்குகளின் வாயும் ஒரே நேர்க்கோட்டில் வராமல். அடுத்தது பேரிங். பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு இழையைக் கிராங்கின் மேல் வைத்து, மூடியை உரிய அளவுக்கு முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைக் காட்டிவிடும். கன்ராடு மூடிகளைக் கழற்றும்போதே எண் குறித்துவிடுங்கள்; ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. மூன்றாவது, போல்ட் முறுக்கு. முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் ஹெட்டைப் பூட்டுகிறவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் அவரிடம் வண்டியைக் கொடுக்கத் தயங்குவேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக.

செலவைச் சொல்கிறேன், என் நோட்டில் உள்ளபடி. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், எண்ணெய்ப் பம்ப், தண்ணீர்ப் பம்ப், டைமிங் பெல்ட், கிளட்ச், எண்ணெய், லேத் கூலி எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். டார்க் ரெஞ்சு, ரிங் அமுக்கி, ஃபீலர் கேஜ் வாங்கியதும் இன்ஜினைத் தூக்கும் செயின் பிளாக்கின் வாடகையும் 4,300. ஆக 25,800. இதே வேலைக்குச் சேலத்தில் இரண்டு பட்டறைகள் கேட்டது 38,000-மும் 42,000-மும். மிச்சம் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினாறாயிரம் வரை. இந்தத் தொகைக்காக ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும், பல மாலை நேரங்களும் போயின. பணத்தை மட்டும் மிச்சப்படுத்த நினைப்பவருக்கு இது லாபமான பேரம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இடத்தையும் யோசிக்க வேண்டும். தகரக் கூரையின் குழாயில் செயின் பிளாக்கைத் தொங்கவிடாதீர்கள். முக்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள். ஆடிக் காற்றில் பிரிக்கவே கூடாது. கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவில் அந்த மாதம் திண்ணையெல்லாம் மண்ணாக இருக்கும். நான் தை மாதத்தில் தொடங்கினேன்.

ஏற்காட்டில் இருக்கும் என் மாமாவுக்கு நான் சொன்ன யோசனை நேர் எதிரானது. அவரிடம் பழைய மாருதி ஜென். நான்கு சிலிண்டர், 993 சி.சி., பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ஒரு முறை தண்ணீர் வற்றிக் கொதித்துவிட்டது. "மாப்பிள்ளை, நீ செய்ததைப் போலவே இங்கே ஷெட்டில் வைத்து நாமே பிரித்துவிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தோட்டத்து வேலையாகத் தினமும் சேலம் இறங்கி ஏறுகிறவர். ஒரு மாதம் வண்டி இல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு சின்னச் சாமானுக்கும் இருபது வளைவு இறங்க வேண்டும். பனியும் சாரலும் உள்ள இடத்தில் பிரித்துப் போட்ட இரும்பு சும்மா இருக்காது. அதைவிட முக்கியம், கொதித்த அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா, பிளாக்கின் மேற்பரப்பு கெட்டிருக்கிறதா என்பதைச் சரியான நேர்விளிம்பு வைத்துப் பார்த்துச் சொல்ல அனுபவம் வேண்டும். அவர் பட்டறையில் கொடுத்தார். மூன்று நிபந்தனைகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: பழைய சாமான்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும், சிலிண்டர் அளவுகளைத் தாளில் எழுதித் தர வேண்டும், பூட்டும் முன் ஒரு முறை கூப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட பட்டறை கிடைக்கும்வரை இரண்டு இடம் அலைந்தார்.

விற்பது பற்றி ஒரு வார்த்தை. முடிவைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, உடம்பு. முன்பக்கக் கால்வைக்கும் தளம், முன் சஸ்பென்ஷன் மேலே பூட்டப்படும் இடம் இரண்டையும் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடாதீர்கள். சேலத்து வறண்ட காற்றில் தகரம் நன்றாகத் தாங்கும்; மலைமேல் நின்ற வண்டிகளைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காருக்குப் பதிவை ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கிறார்கள். என் வண்டிக்கு 2029 வரை இருக்கிறது. அது அடுத்த வருடமே முடிவதாக இருந்தால், புதுப்பித்த பிறகே இன்ஜினில் கை வைத்திருப்பேன்.

பூட்டி முடித்ததும் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகே பிளக் மாட்டினேன். முதல் நாள் ஐடிலிங் ஏறி இறங்கியது. ஒரு மெல்லிய வெற்றிடக் (வேக்குவம்) குழாயை நான் மாட்டாமல் விட்டிருந்தேன். சாதாரண மினரல் எண்ணெயோடு ஆத்தூர் சாலையில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். முதல் 500 கிலோமீட்டர் முடியும்வரை மலைப்பக்கம் போகவில்லை. அப்போது வடித்த எண்ணெயில் வெயில் பட்டதும் வெள்ளித் தூள் போல மினுங்கியது. ரிங் படியும்போது முதலில் அப்படித்தான் வரும். 1,500-ல் வடித்ததில் அந்த மினுக்கம் இல்லை. அன்று எடுத்த அளவு 175, 175, 170. புதிதாக அரைத்து உட்கார வைத்த வால்வுகள் என்பதால் இடைவெளியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். வரும் ஞாயிறு காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது.